கணக்கு 17: திருப்பூர்ப் பையன் ஒருவன் பத்தாவதை முடித்த விதம்

2024 மே 10ஆம் தேதி காலையில் பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்தது. 8,94,264 பேர் எழுதி 8,18,743 பேர் பாஸ், 91.55 சதவீதம் என்று டிவியில் ஓடிக்கொண்டே இருந்தது. கழித்துப் பார்த்தால் மிச்சம் 75,521 பேர். அவர்களைப் பற்றி ஒரு வரியும் ஓடவில்லை. எங்கள் பள்ளிக்கூடத்தில் அந்தக் கணக்கில் ஏழு பேர் இருந்தார்கள், அதில் ஒருவனைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன்.

நான் திருப்பூரில் ஓர் அரசுப் பள்ளியில் கணக்கு ஆசிரியர். பையன் பெயரையும் பள்ளியின் பெயரையும் எழுதவில்லை. அவனிடமும் அவன் அம்மாவிடமும் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். அம்மா சொன்னது ஒன்றுதான்: "எழுதுங்க சார், எங்களுக்கு யாரும் சொல்லலைல்ல, வேற யாருக்காச்சும் தெரியட்டும்."

அவன் மார்க் இது: தமிழ் 49, ஆங்கிலம் 28, கணக்கு 17, அறிவியல் 45, சமூக அறிவியல் 39. ஒவ்வொரு பாடத்திலும் 35 வேண்டும். அறிவியலில் எழுத்துத் தேர்வு 75க்கு, செய்முறை 25க்கு, எழுத்துத் தேர்வில் 20 எடுத்தாக வேண்டும், அதில் 22 எடுத்துத் தப்பித்திருந்தான். ஆக மூன்று பாடம் பாஸ், இரண்டு பெயில். ஆனால் வீட்டில், தெருவில், வேலைக்குப் போன இடத்தில் எல்லாம் அவனுக்குக் கிடைத்த பெயர் "டென்த் பெயில்". அந்த இரண்டு வார்த்தையில் மூன்று பாடம் பாஸானது காணாமல் போய்விட்டது.

கணக்கு எங்கே விட்டுப்போனது

அவன் குடும்பம் திண்டுக்கல் பக்கத்திலிருந்து வந்தது. அவன் மூன்றாவது படிக்கும்போது பனியன் கம்பெனி வேலைக்காகத் திருப்பூர் வந்தார்கள். அப்பா அவர்களோடு இல்லை. அம்மா ஒரு கம்பெனியில் செக்கிங். எட்டு வீடு வரிசையாக இருக்கும் லைன் வீட்டில் ஒரு அறை, பொதுவில் ஒரு தண்ணீர்க் குழாய். தங்கை ஒருத்தி.

வருடத்தைக் கொஞ்சம் பின்னால் போய்ப் பாருங்கள். 2024இல் பத்தாவது என்றால் 2020-21இல் ஏழாவது. 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள் எட்டாம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகளுக்கு 2021 நவம்பர் 1ஆம் தேதிதான் திறந்தன. அதாவது இவன் ஏழாம் வகுப்பு என்று ஒன்று பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து படிக்கவே இல்லை, எட்டாவதிலும் பாதி போய்விட்டது. வீட்டில் ஒரே போன், அதுவும் அம்மா கையில், அம்மா கம்பெனியில். ஏழாவது முதல் பருவத்தில் முழுக்கள் வரும், குறை எண்ணைக் கூட்டுவது, கழிப்பது, பெருக்குவது. அது இல்லாமல் ஒன்பதாவது வந்தான், பத்தாவது வந்தான். ஒன்பதாவதில் அவனுக்கு வகுப்பெடுத்த நானும் அதைக் கவனிக்கவில்லை. நாற்பது பேரில் பேசாமல் உட்கார்ந்திருப்பவன் புரிந்து உட்கார்ந்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். அந்தத் தப்பு என்னுடையது.

இந்தப் பிள்ளைகளுக்கு மூன்று வருடம் மூத்தவர்களிடம் இது வேறு மாதிரி வெளியே வந்தது. 2023 மார்ச் 13ஆம் தேதி பிளஸ் டூ தமிழ்த் தேர்வுக்கு 50 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வரவே இல்லை என்று செய்தி வந்தது நினைவிருக்கும். அவர்கள் 2021இல் தேர்வே எழுதாமல் பத்தாவதில் ஆல் பாஸ் ஆனவர்கள். பெயிலாகி நின்றவர்களை விட, ஹாலுக்கே வராமல் நின்றவர்கள்தான் என்னை அதிகம் உறுத்தினார்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரு மெல்லிய கோடுதான் இருக்கிறது. ஒரு முறை பெயிலான பிள்ளை அடுத்த முறை ஹாலுக்கு வருமா வராதா என்பது ரிசல்ட் வந்த முதல் சில வாரத்தில் முடிவாகிவிடுகிறது என்பது என் அனுபவம்.

ரிசல்ட்டுக்கும் விண்ணப்பத்துக்கும் நடுவில்

வெள்ளிக்கிழமை ரிசல்ட். திங்கட்கிழமை அவன் கம்பெனியில் கைமடி. வெளியூர்க்காரர்களுக்குச் சொல்கிறேன், பவர் டேபிளில் டெய்லர் தைத்துத் தள்ளுவதை வாங்கி மடித்து அடுக்கி, அடுத்த பீஸை எடுத்துக் கொடுப்பவர்தான் கைமடி. புதிதாக வருகிற பையன்களுக்கு முதல் வேலை அதுதான். ஷிப்டுக்கு 350 ரூபாய், சில நாள் ஒன்றரை ஷிப்ட், சனிக்கிழமை சம்பளம். 15 வயதுப் பையன் கையில் முதல் சனிக்கிழமையே இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் வந்துவிட்டது.

பெயிலானவர்களுக்கான துணைத் தேர்வு ஜூலை 2 முதல் 8 வரை என்று அறிவித்துவிட்டார்கள். பள்ளி மாணவர்கள் படித்த பள்ளியிலேயே விண்ணப்பிக்கலாம், அதற்கு மே கடைசி, ஜூன் முதல் வாக்கில் சில நாள்தான் அவகாசம். பள்ளியிலிருந்து வாட்ஸ்அப் குரூப்பில் செய்தி போட்டார்கள். போட்டதோடு வேலை முடிந்தது என்று அலுவலகமும் நினைத்தது, நானும் நினைத்தேன். அவன் அம்மா போனில் அந்த மாதம் ரீசார்ஜ் இல்லை. ஏழு பேரில் ஐந்து பேர் வந்து விண்ணப்பம் போட்டுவிட்டார்கள், இவனும் இன்னொரு பையனும் வரவில்லை.

கடைசி நாள் தாண்டி, தக்கலில் போட ஒரு நாள்தான் பாக்கி என்றபோதுதான் வண்டியை எடுத்துக்கொண்டு லைன் வீட்டுக்குப் போனேன். ராத்திரி ஒன்பது மணி. அம்மா அப்போதுதான் வந்து அரிசி களைந்துகொண்டிருந்தார். பையன் என்னைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டான். அவர் கேட்ட முதல் கேள்வி:

"மறுபடியும் அஞ்சு பாடமும் எழுதணும், ஒரு வருசம் ஸ்கூலுக்கு வரணும்ல சார்? அதுக்கு எங்களால முடியாதுங்க."

ஒரு மாதமாக அந்த வீட்டில் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். பாஸான பாடம் பாஸானதுதான், அதை யாரும் எடுத்துக்கொள்ள முடியாது, பெயிலானதை மட்டும் எழுதினால் போதும், ஜூலையில் பாஸ் பண்ணினால் இதே வருடம் பிளஸ் ஒன் சேரலாம் என்று சொன்னபோது அவர் கையில் இருந்த பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு, "இத யாருமே சொல்லலையே" என்றார். மார்க் லிஸ்டில் அது எழுதி இருக்காது. எங்களுக்குத் தெரிந்த விஷயம், அதனால் எல்லாருக்கும் தெரியும் என்று நினைத்துக்கொள்கிறோம்.

அமெரிக்காவில் இதற்கு கிரெடிட் ரெகவரி என்று தனிப் பெயரே இருக்கிறது. அங்கே உயர்நிலைப் பள்ளியை முடிக்கப் பாடவாரியாக இத்தனை கிரெடிட் சேர்க்க வேண்டும், ஒரு பாடம் போய்விட்டால் அந்தப் பாடத்தை மட்டும் கோடை வகுப்பிலோ கம்ப்யூட்டரிலோ திரும்பப் படித்து அந்தக் கிரெடிட்டை மீட்டுக்கொள்ளலாம். நம் துணைத் தேர்வும், பள்ளிக்குப் போகாமல் தேர்வை மட்டும் எழுதும் தனித்தேர்வர் முறையும் கிட்டத்தட்ட அதே வேலையைத்தான் செய்கின்றன, ஆனால் நாம் அதை மீட்பு என்று சொல்வதில்லை, அரியர் என்கிறோம். ஒன்று கையில் திரும்ப வருவதைச் சொல்கிற வார்த்தை, மற்றது பாக்கியைச் சொல்கிற வார்த்தை.

தக்கலில் கூடுதல் கட்டணம் கட்டி விண்ணப்பித்தோம். நான்கு வாரம் இருந்தது. ஆங்கிலத்தை இன்னொரு ஆசிரியர் எடுத்துக்கொண்டார், கணக்கை நான். எட்டரை மணிக்கு ஷிப்ட் முடிந்து என் வீட்டுக்கு வருவான், பத்து மணி வரை. பாதி நாள் தூங்கி விழுந்தான். ஜூலை கடைசியில் வந்த ரிசல்ட்டில் ஆங்கிலம் 37, கணக்கு 29.

ஆறு மார்க். அன்று அவன் அழவில்லை, "எனக்குக் கணக்கு வராதுங்க சார், விட்ருங்க" என்று மட்டும் சொன்னான். எனக்குத்தான் சாப்பாடு இறங்கவில்லை.

நான்கு வழி, நான்கு கணக்கு

இப்போது ஒரே ஒரு பாடம் பாக்கி. அடுத்த தேர்வு 2025 மார்ச்-ஏப்ரலில். எட்டு மாதம் சும்மா இருந்தால் பையன் கம்பெனியோடு போய்விடுவான் என்பது நிச்சயம். 14 வயது வரைதான் கட்டாயக் கல்விச் சட்டம், அதற்கு மேல் அவன் படிக்கிறானா என்று கேட்க வேண்டிய கடமை சட்டப்படி யாருக்கும் இல்லை. அப்போது எங்கள் முன்னால் இருந்த வழிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பேசினோம், இரண்டு ஞாயிற்றுக்கிழமை அதற்கே போனது.

முதலில் வந்தது டுட்டோரியல்காரர். இவர்கள் ரிசல்ட் வந்த வாரத்தில் லைன் வீட்டுப் பக்கம் நோட்டீஸ் ஒட்டுவார்கள். "ஒரே மாதத்தில் பத்தாவது, தேர்வு எழுதத் தேவையில்லை, 25 ஆயிரம்" என்று அம்மாவிடம் பேசியிருக்கிறார், அவரும் நகையை வைக்கலாமா என்று யோசித்திருக்கிறார். எந்த வாரியம் என்று கேட்டால் வடநாட்டில் ஏதோ ஒரு பெயர், நான் கேள்விப்பட்டதே இல்லை. தேர்வே எழுதாமல் சான்றிதழ் தருகிறேன் என்று சொன்னாலே அது அங்கீகாரம் உள்ள வாரியம் இல்லை என்று அர்த்தம். இந்தப் பேப்பரை வைத்துக்கொண்டு பாலிடெக்னிக் வாசலில் போய் நின்று அழுத பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது, அம்மாவிடம் கொஞ்சம் கடுமையாகவே சொன்னேன்.

அங்கீகாரம் உள்ள பள்ளிகளே குறுக்குவழியில் இறங்கினால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் உண்டு. வாஷிங்டன் நகரத்தில் பாலூ என்கிற உயர்நிலைப் பள்ளியில் 2017இல் பட்டம் வாங்கிய எல்லாருக்கும் கல்லூரியில் இடம் கிடைத்தது என்று கொண்டாடினார்கள், அப்புறம் பார்த்தால் அவர்களில் பாதிப் பேர் மாதக்கணக்கில் பள்ளிக்கே வராதவர்கள். 2018 தொடக்கத்தில் வெளிவந்த தணிக்கையில், அந்த நகரத்தின் அரசுப் பள்ளிகளில் 2017இல் பட்டம் வாங்கிய 2,758 பேரில் 937 பேர் விதியை மீறி வாங்கியவர்கள் என்று தெரிந்தது. அதில் கிரெடிட் ரெகவரி வகுப்பைத் தவறாகப் பயன்படுத்தியதும் ஒரு காரணம். பாடத்தை எடுத்துப் பெயிலாவதற்கு முன்பே மீட்பு வகுப்பில் உட்கார வைத்திருக்கிறார்கள். பையனுக்குக் கணக்கு வந்ததா என்பதை யாரும் கேட்கவில்லை, பாஸ் எண்ணிக்கை வந்ததா என்பதைத்தான் கேட்டார்கள்.

அடுத்தது தேசியத் திறந்தநிலைப் பள்ளி, எல்லாரும் என்.ஐ.ஓ.எஸ். என்பார்கள். இது உண்மையான வழி, மத்திய அரசுடையது. 1989இல் தேசியத் திறந்தவெளிப் பள்ளியாக ஆரம்பித்தது. 14 வயது ஆனால் பத்தாம் வகுப்புக்குச் சேரலாம், ஒரு தடவை பதிந்தால் ஐந்து வருடம் செல்லும், அதற்குள் ஒன்பது தடவை எழுதலாம், வருடத்தில் இரண்டு பொதுத்தேர்வு, பாஸ் மார்க் 33. தமிழிலும் எழுதலாம். எல்லாவற்றையும் விடப் பெரிய விஷயம், கணக்கு கட்டாயம் இல்லை. மனையியல், ஓவியம், வணிகம், கணினியில் தரவுப் பதிவு என்று ஐந்து பாடத்தை அமைத்துக்கொள்ளலாம்.

கேட்டதும் பையன் முகத்தில் வெளிச்சம் வந்தது. கணக்கே இல்லாத பத்தாவது! எனக்கும் ஒரு நிமிஷம் ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் அவன் விஷயத்தில் இரண்டு தடை. ஒன்று, மற்ற வாரியத்தில் பாஸான பாடத்தில் இரண்டு வரைதான் கூடக் கொண்டுபோகலாம். அவன் கையில் நான்கு பாடம் பாஸ், அங்கே போனால் இரண்டைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக மூன்று எழுத வேண்டும். ஒரு பாடம் பாக்கி உள்ளவனுக்கு அது நஷ்டம். இரண்டு, இவனுக்குக் கை வேலையில், மின்சார வேலையில் ஆசை, நாளைக்கு பாலிடெக்னிக் போகலாம் என்று நினைப்பு. கணக்கு இல்லாத சான்றிதழ் அந்த இடத்தில் இடிக்கும். தமிழ்நாட்டில் மாநில அரசு வேலைக்கு இந்தச் சான்றிதழின் சமநிலை சிக்கலாகவே இருந்து வந்திருக்கிறது, அதையும் யோசித்தோம்.

அதே ஏழு பேரில் ஒரு பெண் பிள்ளைக்கு அந்த வழிதான் சரியாக இருந்தது. அவள் ஜூலையிலும் எழுதி மூன்று பாடத்தில் பெயில். எண்ணைத் திருப்பித் திருப்பி எழுதுவாள், 46ஐ 64 என்பாள். இதை முன்னாலேயே கண்டுபிடித்து மருத்துவச் சான்று வாங்கியிருந்தால் கற்றல் குறைபாடு உள்ளவர்களுக்கான கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் எல்லாம் பொதுத்தேர்விலேயே கிடைத்திருக்கும். அதையும் நாங்கள் செய்யவில்லை. இரண்டு பாடத்தைக் கூடக் கொண்டுபோய், கணக்கு இல்லாமல் மூன்று பாடம் எழுதிப் பாஸ் ஆகிவிட்டாள். ஒரே வழி ஒருத்திக்குக் கதவு, இன்னொருவனுக்குச் சுவர். அதனால்தான் "எது நல்லது சார்?" என்று பொதுவாகக் கேட்கிறவர்களிடம், கையில் எத்தனை பாடம் இருக்கிறது, அப்புறம் எங்கே போகணும் என்று முதலில் கேட்கிறேன்.

மூன்றாவது வழி, வேலைக்குப் போய்க்கொண்டே மார்ச்சில் தனித்தேர்வராக எழுதுவது. அம்மாவுக்கு இதுதான் பிடித்தது. எனக்குப் பயமாக இருந்தது, ஜூன் மாதம் தூங்கி விழுந்ததைப் பார்த்தவன் நான்.

நான்காவது ஐடிஐ, அதாவது தொழிற்பயிற்சி நிலையம். இதில்தான் நிறையப் பேருக்குத் தெரியாத ஒரு விஷயம் இருக்கிறது. எட்டாவது பாஸ் இருந்தாலே வெல்டர், வயர்மேன் மாதிரிச் சில பிரிவுகளில் சேரலாம், பத்தாவது பாஸ் வேண்டியதில்லை. அதிலும் எட்டாவதோடு சேர்ந்து இரண்டு வருடப் படிப்பை முடித்தவர்கள் பத்தாம் வகுப்புத் தமிழும் ஆங்கிலமும் மட்டும் எழுதித் தேறினால் பத்தாவதுக்கு இணையான சான்றிதழ் வாங்கலாம். பத்தாவது முடித்து ஐடிஐ போனவர்களுக்கு இதே மாதிரி பிளஸ் டூவுக்கு உண்டு. வெல்டர் ஒரு வருடம், வயர்மேன் இரண்டு வருடம், அதனால் வயர்மேன் என்று நானே மனதுக்குள் குறித்துவைத்துக்கொண்டேன். கணக்கு கடைசி வரை வராமலே போனாலும் அவன் வெறுங்கையோடு நிற்க மாட்டான். இந்த ஒரு நிம்மதி கிடைத்த பிறகுதான் கணக்கைப் பயமில்லாமல் சொல்லிக்கொடுக்க என்னால் முடிந்தது, அவனாலும் படிக்க முடிந்தது.

சனிக்கிழமைச் சம்பளம்

ஆனால் பணம். அரசு ஐடிஐயில் கல்விக் கட்டணம் இல்லை, மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, பஸ் பாஸ், சைக்கிள் உண்டு. அந்த ஆகஸ்ட்டில்தான் தமிழ்ப் புதல்வன் திட்டம் ஆரம்பித்தது, அரசுப் பள்ளியில் படித்து வந்த பையன்களுக்கு மாதம் 1,000. இரண்டையும் கூட்டினால் 1,750. கம்பெனியில் மாதம் எட்டு, ஒன்பதாயிரம். அந்த வீட்டு வாடகையே 3,500. படிப்பின் அருமையை அம்மாவிடம் எடுத்துச் சொல்ல நான் யார்? மாதம் ஏழாயிரம் குறையும் என்பது உண்மை, அதை மறைத்துப் பேசக் கூடாது என்று ஒரு நோட்டில் எழுதியே காட்டினேன்.

அவர் இரண்டு நாள் பதில் சொல்லவில்லை. மூன்றாம் நாள் வழி வந்தது லைன் வீட்டிலிருந்தே. கடைசி வீட்டில் ஓர் எலக்ட்ரீஷியன், பையன் அவரை மாமா என்றுதான் கூப்பிடுவான். அவர், "ஞாயித்துக்கெளம எங்கூட வரட்டுங்க்கா, பைப் பதிக்கிறது, வயர் இழுக்கிறதுன்னு கூடமாட நிக்கட்டும், 500 ரூவா குடுத்தர்றேன்" என்று சொல்லிவிட்டார். மாதம் 2,000. அதோடு கணக்கு ஓரளவுக்குக் கட்டுப்படியாகும் பக்கம் வந்தது. மிச்சத்துக்கு அம்மா வாரத்தில் இரண்டு நாள் ஒன்றரை ஷிப்ட் ஏற்றுக்கொண்டார். அரசுத் திட்டம் இரண்டும் சேர்ந்தும் கொஞ்ச தூரம்தான் வந்தது, மீதியை ஒரு தாயும் ஒரு பக்கத்து வீட்டுக்காரரும் போட்டார்கள் என்பதையும் சேர்த்து எழுதினால்தான் இது முழுக் கதை.

ஆகஸ்ட்டில் நேரடிச் சேர்க்கையில் இடம் கிடைத்தது. மாற்றுச் சான்றிதழ், எட்டாம் வகுப்புச் சான்று, சாதிச் சான்று, ஆதார் எல்லாம் எடுத்துக்கொண்டு போனோம். பெயர் ஆதாரில் ஒரு மாதிரி, மாற்றுச் சான்றிதழில் ஒரு மாதிரி, அதற்கு இரண்டு நாள் அலைந்தோம்.

மைனஸ் மூன்றின் வர்க்கம்

ஜூலைத் தேர்வு முடிந்த அன்றே கணக்கு வினாத்தாளை அவனிடம் கொடுத்து மறுபடி எழுதச் சொல்லி வைத்திருந்தேன். அந்த விடைத்தாளைச் செப்டம்பரில் எடுத்து உட்கார்ந்து பார்த்தேன். பத்தாம் வகுப்புக் கணக்கு 100 மார்க், 14 ஒரு மார்க், பத்து இரண்டு மார்க், பத்து ஐந்து மார்க், கடைசியில் வடிவியல் 8, வரைபடம் 8. மெல்லக் கற்போருக்கு நாங்கள் எல்லாரும் சொல்வது, வடிவியலும் வரைபடமும் போட்டுவிடு, 16 மார்க் கையில். இவனுக்கும் அதையே சொல்லித்தான் அனுப்பினேன். வடிவியலில் காம்பஸ் பிடித்து அழகாக வரைந்திருந்தான். வரைபடம் முழுக்கத் தப்பு.

எங்கே தப்பு என்று பார்க்க y = x² + x − 2 கொடுத்து எதிரில் உட்கார்ந்தேன். அட்டவணை போட்டான். x = −3 என்ற இடத்தில் x²க்கு −9 என்று எழுதினான். அவ்வளவுதான். இடது பக்கப் புள்ளி எல்லாம் கீழே போய்விட்டது, வளைகோடு வளையவில்லை. அளவுத்திட்டம், அச்சு, பென்சில் எல்லாம் சரி. பத்தாம் வகுப்புப் பாடத்தில் அவனுக்கு ஒரு குறையும் இல்லை, ஏழாம் வகுப்பில் விட்டுப்போன ஒரு குறி எட்டு மார்க்கைத் தின்றுகொண்டிருந்தது. அதே குறி இயற்கணிதத்தில், ஆயத்தொலை வடிவியலில், எங்கெங்கே வருமோ அங்கெல்லாம் தின்றிருக்கிறது.

விதியை மனப்பாடம் பண்ணச் சொல்லவில்லை. கம்பெனியில் அட்வான்ஸ் வாங்கியிருந்தானே, அதை எடுத்துக்கொண்டேன்.

"500 அட்வான்ஸ் பாக்கி, இன்னும் 300 வாங்கற, உன் கணக்கு என்ன?"

"800 தரணுங்க சார்."

"அதுதான் −5 −3. சரி, வாரம் 300 பிடிக்கிறாங்க. மூணு வாரப் பிடித்தத்தை முதலாளி வேண்டாம்னு எடுத்துட்டார். உனக்கு என்ன?"

கொஞ்சம் யோசித்தான். "900 எனக்கு வரவு சார்."

மூன்று பிடித்தத்தை எடுத்தது −3, ஒவ்வொன்றும் −300, பெருக்கினால் +900 என்று எழுதிக் காட்டியதும் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் அவனாகவே பழைய அட்டவணையை எடுத்து −9ஐ அடித்துவிட்டு 9 என்று எழுதி, கூட்டி, 4 என்று புள்ளி வைத்தான். மற்ற புள்ளிகளையும் திருத்தி வளைகோட்டை வரைந்து முடித்தபோது மணி ஒன்பதே முக்கால். டஜன் கணக்கு, பீஸ் ரேட் எல்லாம் வாயாலேயே போடுகிற பையன் அவன். கணக்கு வராது என்று அவனை நம்பவைத்தது நாங்கள்தான்.

அக்டோபர் வரை பத்தாவது புத்தகத்தையே திறக்கவில்லை. முழுக்கள், பின்னம், சின்னச் சின்னச் சமன்பாடு. நவம்பரில் உறவுகளும் சார்புகளும், அதில் கார்ட்டீசியன் பெருக்கல் ஒரு ஐந்து மார்க். அப்புறம் திட்ட விலக்கம், அணிகள், அளவியல். வாரத்தில் மூன்று நாள் மாலை, நாளைக்கு ஒரு மணி நேரம், அதற்கு மேல் இல்லை. ஐடிஐயில் பட்டறைக் கணக்கு என்று ஒரு பாடம் இருக்கிறது, மின்தடை, மின்னோட்டம் எல்லாம் அங்கே கணக்காக வரும், அதுவும் சேர்ந்து உதவியது.

இந்தத் தடவை விண்ணப்பத் தேதியை நான் வாட்ஸ்அப்பில் விடவில்லை. என் வீட்டுக் காலண்டரிலும் அவன் வீட்டுக் காலண்டரிலும் சிவப்புப் பேனாவில் வட்டம் போட்டு, அன்று நானே கூடப் போய் சேவை மையத்தில் பதிந்து ரசீதை வாங்கிக்கொண்டேன்.

2025 ஏப்ரல் 7 கணக்குத் தேர்வு. மையம் வேறு பள்ளிக்கூடம். எல்லாரும் யூனிபார்மில், தனித்தேர்வர்கள் மட்டும் கலர் டிரெஸ். வாசலில் தன் ஜூனியர் பையன்களைப் பார்த்ததும் ஒரு மரத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான், மணி அடித்த பிறகுதான் உள்ளே போனான். இதைத் தேர்வுக்கு அப்புறம் அவனே சொன்னான். அங்கே வந்து திரும்பிப் போய்விடுகிற பிள்ளைகள் எத்தனை பேரோ.

மே 16 ரிசல்ட். கணக்கு 44.

இப்போது

வயர்மேன் படிப்பில் வருகை நன்றாக இருக்கிறது, ஆங்கிலத்தில் வருகிற தொழில் சொற்கள்தான் அவனுக்கு இன்னும் தகராறு. மாமாவோடு ஞாயிற்றுக்கிழமை வேலை தொடர்கிறது, கூலியை 600 ஆக்கிவிட்டார். பாலிடெக்னிக் பற்றிக் கேட்கிறான். அம்மாவுக்கு அவன் வேலைக்குப் போனால் போதும் என்று இருக்கிறது, இதில் நான் அவர் பக்கம்தான் கொஞ்சம் சாய்கிறேன், தங்கை இப்போது ஒன்பதாவது. அவளிடம் முதல் வாரமே −5 −3 என்ன என்று கேட்டுவிட்டேன். சரியாகச் சொன்னாள், அண்ணன் சொல்லிக்கொடுத்தானாம்.

ஏழு பேரில் நான்கு பேர் அந்த ஜூலையிலேயே பாஸாகிப் பிளஸ் ஒன் போய்விட்டார்கள். பெண் பிள்ளை திறந்தநிலைப் பள்ளியில் முடித்தாள். இவன் ஏப்ரலில். ஏழாவது பையன், இவனோடு சேர்ந்து விண்ணப்பம் போடாமல் நின்றவன், இவன் வீட்டுக்குப் போனதற்கு அடுத்த நாள் நான் அவன் வீட்டுக்குப் போனேன், காலி பண்ணிவிட்டார்கள் என்றார்கள். போன் ஸ்விட்ச் ஆஃப். சொந்த ஊர் பெரம்பலூர் பக்கம் என்று மட்டும் தெரியும். இரண்டு தடவை ஆள் மூலம் விசாரித்தும் தகவல் இல்லை. அவன் மதிப்பெண் சான்றிதழ் எங்கள் அலுவலக பீரோவில்தான் இருக்கிறது. அதில் மூன்று பாடம் பாஸ், அறிவியல் 61.